நடுவில் இருப்பதற்குக் கீழே ஆள் இல்லை

மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டை அடித்துவிட்டால் மிச்சம் எதுவும் இராது என்று நம் மக்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தவறு. மிச்சம் ஒன்று. இந்தத் தவறைக் களைவதற்கென்றே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் என்னை இருபத்திநான்கு வருடங்களாக வைத்திருக்கிறார்கள். களையப்பட்டவர்களின் பட்டியலை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். ஐந்தை ஐந்தால் வகுத்தால் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஐந்தின் இடத்தில் x + 4 என்று எழுதி, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு இழுத்துவிட்டால் மட்டும், கோட்டுக்குப் பின்னால் சூனியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்று காலையிலிருந்து இருபத்தாறு விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இருபத்திநாலாவது கேள்வியில் ஒன்பது பேர் பூஜ்ஜியம் என்று விடை எழுதியிருக்கிறார்கள். என் முன்னால் இருக்கும் இந்த இருபத்தேழாவது தாள் பூஜ்ஜியம் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் இந்நேரம் இருபத்தெட்டாவதில் இருந்திருப்பேன்.

மணி மூன்றரை இருக்கலாம். கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கலாம்தான், ஆனால் இது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, உள்ளே நுழைந்ததே ஒரு சாகசம். முழங்கால் இரண்டும் மேசையின் அடிப்பலகையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, இடது பக்கம் சுவர், வலது பக்கம் முத்துவிநாயகம் சார், அவர் எழுந்தால்தான் நான் எழ முடியும், அவர் தன் பதினைந்து தாளையும் முடித்தால்தான் எழுவார். வாசல் கம்பிக் கதவுக்குப் பூட்டு. கைபேசிகளைக் காலையில் ஒரு செருப்பு டப்பாவில் வாங்கி வைத்துவிட்டார்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் திருத்துகிறவனையும் கட்டுக்கட்டாகத்தான் வைக்கிறார்கள், நூலால் கட்டவில்லை என்பதுதான் வித்தியாசம். மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, அதன் காற்று மொத்தமும் முதன்மைத் தேர்வாளர் ஜெபமணி மேடத்தின் மேசைக்குப் போகிறது. அவர் தாள்களின் மேல் கண்ணாடிக் குண்டு வைத்திருக்கிறார், நான் தாளின் மேல் வியர்வை விழாமல் கழுத்தைச் சாய்த்து வைத்திருக்கிறேன். கூட்டல் இன்னொரு முறை. பகுதி ஒன்றில் ஒன்பது, இரண்டில் பத்து, மூன்றில் பதினான்கு. முப்பத்திமூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. மேலிருந்து கூட்டினாலும் கீழிருந்து கூட்டினாலும் முப்பத்திமூன்றுதான், கூட்டலுக்கு இரக்கம் கிடையாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சொன்னபோது அது நகைச்சுவையாக இருந்தது.

எங்கள் மேசையில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு வந்தால் அப்படியே கட்டில் வைக்கக் கூடாது. திரும்ப முதல் பக்கத்திலிருந்து தேட வேண்டும். எங்காவது ஒரு வாய்பாடு சரியாக எழுதியிருக்கிறதா, எங்காவது ஓர் அலகு, எங்காவது ஒரு படத்தில் கோணம். கிடைத்தால் முப்பத்தைந்து. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று மேடத்திடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொலைந்த கம்மலைத் தேடுகிற மாதிரி எல்லோரும் தேடுவார்கள், நான் தேடியதில்லை. முப்பத்திமூன்று என்றால் முப்பத்திமூன்று என்று சொல்கிற ஆள் நான், அதனால் எனக்கு ஒரு பெயரும் உண்டு, அது எனக்குத் தெரியாது என்று முத்துவிநாயகம் நினைக்கிறார். "தனுஷ்கோடி சார், அந்தத் தாளைப் பெத்து எடுக்கிறீங்களா? பத்து நிமிஷமா அதே பக்கம்." நான் சிரிக்கவில்லை. "வலி வந்தா சொல்லுங்க, மேடத்தைக் கூப்பிடுறேன்." அவர் தாள் திருப்பும் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. சரி, தேடிவிட்டேன். வேறெங்கும் ஒன்றும் இல்லை. இருப்பது இருபத்திநாலாவது மட்டும். அதற்கு முதல் சுற்றில் நான் போட்டது பூஜ்ஜியம், பெரிதாக, வட்டம் மூடி.

கேள்வி இது. x² − 11x − 60 மேலே, x + 4 கீழே. சுருக்குக. இரண்டு மதிப்பெண். மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினால் (x − 15)(x + 4), கீழே உள்ள x + 4 மேலே உள்ள x + 4-ஐ அடித்துவிடும், மிச்சம் x − 15. விடைக்குறிப்பு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்: காரணிப்படுத்தியதற்கு ஒன்று, விடைக்கு ஒன்று. இந்தத் தாளின் ஆள், ஆணா பெண்ணா என்று தெரியாது, முகப்பைக் கிழித்துவிட்டு ஒரு மாற்று எண்ணைப் போட்டு எங்கோ தள்ளியிருக்கும் மாவட்டத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள், காரணி எதுவும் தேடவில்லை. x²-ஐ x-ஆல் அடித்து மேலே பொடியாக x. −60-ஐ 4-ஆல் அடித்து மேலே பொடியாக −15. நடுவில் இருக்கும் −11x-ஐத் தொடவே இல்லை, அதைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான், பந்தியில் இலை கிடைக்காமல் நிற்கிறவனைப் போல அது நிற்கிறது. கீழே விடை: x − 15. விடை சரி. கூட்டலில் இணைந்து நிற்பதைப் பாதியில் வெட்டி அடிக்கக் கூடாது என்பது இந்தப் பாடத்தின் முதல் சட்டம், அதை மீறி வந்த சரியான விடை. முதல் பார்வையில் சிரிப்பு வந்திருக்க வேண்டும் எனக்கு. வரவில்லை. ஏனென்றால் இந்தக் கையை எனக்குத் தெரியும். இந்தக் கையை அல்ல. இந்த வழியை.

சந்தனமாரிக்கு முப்பத்தொன்பது வயது. என் மனைவி. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் போனவள், ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் அதை உரக்கச் சொல்லும் வழக்கம் இல்லை, படிவங்களில் 'கல்வித் தகுதி' வரும் இடத்தில் நான் பேனாவைச் சற்றுச் சாய்த்து ஒன்பதாம் வகுப்பு என்று எழுதுவேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் பணியாளர் இடம் காலியாகிறது. பத்தாவது தேறியிருக்க வேண்டும், ஜூனில் ஆள் எடுக்கிறார்கள், அவளுக்கு அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். "நான் எழுதுறேங்க" என்றாள் போன ஆகஸ்டில், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே. தனித்தேர்வராகக் கட்டினாள். மற்றவற்றை அவளே படித்துக்கொண்டாள். கணிதத்துக்கு நான். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, சாப்பாட்டு மேசையில். அங்கேதான் அவள் கேட்டாள், "கீழயும் மேலயும் அடிச்சா ஒன்னு மிஞ்சும்னு சொல்றீங்க. ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டுச் செத்தா ஒருத்தன் மட்டும் எப்படிங்க மிஞ்சுவான்?" அது அடிதடி அல்ல, வகுத்தல் என்றேன். "அப்ப ஏன் அடிங்க அடிங்கன்னு சொல்றீங்க?" இந்தக் கேள்வியை இருபத்திநான்கு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்காததற்காக இப்போது அவர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

மின்விசிறி கிறீச்சிடுகிறது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை. இல்லை, நான்கு. அவள் ஒரு ஞாயிறு நோட்டைக் காட்டினாள். x² − 9, கீழே x − 3. அவள் x²-ஐ x-ஆல் அடித்திருந்தாள், −9-ஐ −3-ஆல் அடித்திருந்தாள், விடை x + 3. தவறு என்றேன். அவள் கைடின் பின்பக்கத்தைத் திருப்பினாள். "விடை வந்திருச்சேங்க." தற்செயல் என்றேன். இது தற்செயல் என்று நிரூபிக்கிறேன் பார் என்று சொல்லி x² − 9-க்குக் கீழே x + 3 போட்டுக் கொடுத்தேன். x − 3 என்று எழுதினாள். சரி. எனக்குக் காது சுட்டது. நடுவில் உறுப்பு இல்லாததால் தப்பிக்கிறாய் என்று x² + 5x + 6 போட்டு, கீழே x + 3. தலைக்குத் தலை என்று முணுமுணுத்துக்கொண்டு x, வாலுக்கு வால் என்று 2. x + 2. சரி. "அந்த 5x என்ன ஆயிற்று?" என்றேன். "நடுவுல இருக்கறதுக்குக் கீழே ஆள் இல்லைங்க. சும்மா நிக்கிது. விட்டுட்டேன்." கணக்கில் யாரும் சும்மா நிற்பதில்லை என்று நான் அப்போது சொன்ன குரல் வகுப்பறைக் குரல், பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது. கடைசியில் ஒன்று கிடைத்தது: x² + 9, கீழே x + 3. அவள் வழியில் x + 3 வந்தது. தவறு! இதோ தவறு! துள்ளிவிட்டேன் என்று நினைக்கிறேன், நாற்காலி பின்னால் போயிற்று. அவள் நிதானமாகக் கேட்டாள், "சரி, இதுக்கு விடை என்னங்க?" இது வகுபடாது என்றேன். "வகுபடாத கணக்கைச் சுருக்குன்னு யாருங்க கேப்பா? கேக்குறவுகளுக்கும் ஒரு விடை வேணும்ல?"

நான் உரக்கப் பேசினேன். இது குருட்டாம்போக்கு. இப்படிப் போட்டால் பேப்பர் திருத்துகிறவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்படித்தான் சொன்னேன், விழுந்து விழுந்து. காரணிப்படுத்தாமல் ஒரு கணக்குக்கூடப் போடக் கூடாது என்று நாற்பது கணக்கு எழுதிக் கொடுத்தேன், நாற்பதையும் காரணிப்படுத்தினாள், அதில் பதினேழு தவறு, மறுபடி எழுதச் சொன்னேன், எழுதினாள், பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஏப்ரலில் தேர்வு. கணிதத் தேர்வு முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன், இருபத்திநாலாவது என்ன பண்ணினாய், எளிதுதானே, கீழே x + 4 கண்முன்னால் இருக்கிறதே, அதுவே ஒரு காரணி. "விட்டுட்டேங்க." விட்டுவிட்டாயா? "அறுபதுக்குக் காரணி தேடித் தேடிப் பாத்தேன். அஞ்சு பன்னெண்டு, ஆறு பத்து, மூணு இருவது. ஒன்னும் பதினொன்னுக்கு வரலை. மணி அடிச்சிட்டாங்க." உன் பழைய வழியிலாவது, என்று ஆரம்பித்துவிட்டேன். ஏன் ஆரம்பித்தேன். அவள் குழாயைத் திறந்துகொண்டே சொன்னாள், "அதைத்தான் நீங்க போடக் கூடாதுன்னுட்டீங்களே."

"டீ வந்திருச்சு சார், எடுங்க." காகிதக் கோப்பை. சுடுகிறது. தாளிலிருந்து தள்ளி வைக்கிறேன். அன்று ராத்திரி அவளுக்குத் தெரியாமல் கேள்வித்தாளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன், அவள் சொன்ன விடைகளையெல்லாம் போட்டு, இருபத்திநாலைக் கழித்து. முப்பத்திமூன்றிலிருந்து முப்பத்தேழு வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். எவ்வளவு தாராளமான கையில் அவள் தாள் விழுகிறது என்பதைப் பொறுத்தது. இப்போது, இந்த நிமிடம், இன்னொரு மாவட்டத்தில், இன்னொரு பள்ளியில், இன்னொரு ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முட்ட ஒருவர் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் நல்லவராக இருக்க வேண்டும். அவர் முத்துவிநாயகம் மாதிரி இருக்க வேண்டும், பேச்சு அதிகம், மனசு இளகல். என்னை மாதிரி இருந்துவிட்டால்? நாட்டில் என்னை மாதிரி எத்தனை பேர் என்று இதுவரை பெருமையாக எண்ணியிருக்கிறேன், போதவில்லை என்று வருத்தப்பட்டும் இருக்கிறேன்.

சரி. தாளுக்கு வா. தற்செயல் என்றால் எத்தனை முறை தற்செயல்? ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, இதோ நான்காவது. வகுபடும் கணக்கில் அவள் வழி ஒருமுறையாவது பிசகியதா? நினைத்துப் பார்க்கிறேன், நினைக்கப் பயமாக இருக்கிறது, மதிப்பெண் போட்டுக் கூட்டும் கூட்டல் தாளின் மூலையில் பென்சிலால் எழுதுகிறேன், a என்றும் b என்றும். (x + a)(x + b). பெருக்கினால் தலை x², வால் ab. இதை x + a-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். தலைக்குத் தலை, x²-ஐ x-ஆல், x. வாலுக்கு வால், ab-ஐ a-ஆல், b. x + b. ஆம். எப்போதும். வகுபடுமானால் எப்போதும். −60-ஐக் கட்டியதே அந்த நான்கும் இன்னொன்றும் சேர்ந்துதான்; நான்கை எடுத்துவிட்டால் அந்த இன்னொன்று கையில் கிடைக்காமல் எங்கே போகும்? நடு உறுப்பு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மாதான் நிற்கிறது. மூன்றாம் படி வந்தால் நடுவில் இருப்பதைக் கேட்காமல் முடியாது, ஆனால் இது இரண்டாம் படி, கைடில் வருகிற இந்த மாதிரிக் கணக்கு அத்தனையும் இரண்டாம் படி. இரண்டு வரி. இருபத்திநான்கு வருடம். அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்தேன் என்றுகூடச் சொல்லவில்லை, ஆள் இல்லைங்க என்றாள்.

பென்சில் எழுத்தை விரலால் தேய்க்கிறேன், போகவில்லை, சாம்பல் நிறத்தில் பரவுகிறது. பொறு. வகுபடுமானால் என்றுதானே வருகிறது. வகுபடுகிறது என்பதைக் காட்டத்தானே காரணி. இந்த ஆள் அதைக் காட்டவில்லையே, அந்த ஒரு மதிப்பெண் அதற்குத்தானே. ஆனால் சுருக்குக என்று கேட்டவரே வகுபடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாரே. கேட்கிறவர்களுக்கும் ஒரு விடை வேண்டும் இல்லையா. அப்படியானால் இரண்டு. ஆனால் விடைக்குறிப்பில் காரணி என்று அச்சில் இருக்கிறது. அப்படியானால் விடைக்கு மட்டும் ஒன்று. ஒன்று போட்டால் முப்பத்திநான்கு. முப்பத்திநான்கை விட முப்பத்திமூன்று மேல், முப்பத்திமூன்றில் இரண்டு படி தூரம் இருக்கிறது, முப்பத்திநான்கு கதவில் விரலை வைத்து நசுக்குகிற எண். ஆகவே பூஜ்ஜியம் அல்லது இரண்டு, நடுவில் நிற்க இடம் இல்லை. இரண்டு போட்டால் காலைக் கட்டில் இதே தலைக்குத் தலை ஒன்று வந்ததே, அதற்குப் பூஜ்ஜியம் போட்டுவிட்டு வடை தின்றேனே, அது அரக்கு வைத்து ஏறிப்போய்விட்டது, அதன் மொத்தம் அறுபத்தொன்று, அதற்கு உயிர் போகாது, ஆனாலும் அது இரண்டு. பூஜ்ஜியம் போட்டால் நான் நேற்று இருந்தவன்தான். அது வசதி. அப்புறம் இன்னொன்று, விலக்கப்பட்ட மதிப்பு: x + 4-ஐ அடித்துவிட்ட பிறகும் x-க்கு −4 என்று போடக் கூடாது, விடையில் அந்த நான்கு கண்ணுக்கே தெரியாது, இருந்தாலும் அவனுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதை இந்த ஆள் எழுதவில்லை. அதை எந்த ஆளும் எழுதுவதில்லை, நான் மட்டும்தான் கரும்பலகையில் கோடிட்டு எழுதுவேன். இங்கே இரண்டு போட்டால் அங்கே அவள் தாளை வைத்திருக்கும் மனிதரும் இரண்டு போடுவார் என்று ஓர் எண்ணம் வருகிறது. அது மூடநம்பிக்கை. நான் ராகுகாலம் பார்க்காதவன். மேலும் அவர் எதற்குப் போடுவார்? இந்த ஆள் எழுதியிருக்கிறது, தவறாகவோ சரியாகவோ எழுதியிருக்கிறது, தேட ஓர் இடம் இருக்கிறது. அவள் தாளில் இருபத்திநாலுக்கு வெள்ளை. எப்பேர்ப்பட்ட இளகிய மனசும் வெள்ளையில் ஒரு மதிப்பெண்ணைக் கண்டெடுக்க முடியாது. அந்த வெள்ளையை எழுதியவன் நான்.

"தனுஷ்கோடி சார்." மேடத்தின் குரல். "முப்பத்திமூணை மடியில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் சார்? கெடைச்சா கெடைச்சதுன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. உங்க நாலு தாளுக்காக ஒரு ரூமே காத்துக்கிட்டு இருக்கு." முத்துவிநாயகம், "சார் எப்பவும் இல்லைன்னுதான் மேடம் சொல்லுவாரு, நீங்க கட்டுங்க." யாரோ சிரித்தார்கள். எனக்குக் கழுத்து வலிக்கிறது. பூஜ்ஜியத்தை அடிக்கிறேன், குறுக்காக, ஒரே கோடு. அடிக்கப்பட்ட தலையின் பக்கத்தில் ஒன்று. விடையின் பக்கத்தில் ஒன்று. சுருக்கொப்பம். முப்பத்தைந்து. பெஞ்சுக்கு மேலாகத் தாளையும் கூட்டல் தாளையும் நீட்டுகிறேன், எழ முடியாது, முத்துவிநாயகம் வாங்கிக் கொடுக்கிறார். மேடம் பக்கத்தைத் திருப்புகிறார். "எங்க கெடைச்சது?" இருபத்திநாலில். கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிறார். "இது என்ன சார் மெத்தடு?" தலைக்குத் தலை, வாலுக்கு வால், மேடம். வகுபடுகிற கணக்கில் எப்போதும் சரியாக வரும். கூட்டல் தாள் மூலையில் நிரூபணம் இருக்கிறது. "எந்த புக்குல இருக்கு?" புத்தகத்தில் இல்லை. வீட்டில் சொன்னார்கள். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், தாளை ஒரு முறை பார்த்தார், பச்சை மையில் சுழித்துவிட்டுக் கட்டில் வைத்தார். நான் இருபத்தெட்டாவது தாளை எடுத்தேன். அது இருபத்திநாலில் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தது.

மே மாதம் முடிவு வந்தது. சந்தனமாரிக்குக் கணிதத்தில் முப்பத்திநான்கு. அங்கன்வாடிக்கு அடுத்த தெருப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்கள். சந்தனமாரி துணைத் தேர்வுக்குக் கட்டியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் தனியாகப் போட்டுப் பார்க்கிறாள். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நான் வீட்டில் இருப்பதில்லை.